திரைக்குப் பின்னால் ஒரு மேடை

தம்பிதான் போன் செய்தான். "அக்கா, கொட்டாய இடிக்கிறாங்க. ஆயா சொன்னது சரியா இருக்கும்போல, சீக்கிரம் வா."

ஆட்டோ பிடித்துக் கடலூர் முதுநகர் போய்ச் சேர்ந்தபோது ஜேசிபி நின்றிருந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். கொட்டகை மூடிய பிறகு அங்கே கிடங்கு வைத்தவர்கள் எழுப்பிய ஒற்றைச் செங்கல் சுவர் பாதி சரிந்து கிடந்தது. அதன் பின்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை. பலகையில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. முன்விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். விரலை வைத்துத் தேய்த்தால் புகைக்கரி ஒட்டியது. தலைக்கு மேலே உத்தரத்தில் இரண்டு மரக் கப்பிகள். படுதா ஏற்றி இறக்கிய கப்பிகள்.

என் அப்பா அந்தக் கொட்டகையில் ஏறக்குறைய முப்பது வருஷம் சினிமா ஆபரேட்டராக, அதாவது படம் ஓட்டுபவராக இருந்தவர். திரைக்குப் பின்னால்தான் ஸ்பீக்கர் பெட்டி இருக்கும். சத்தம் வெளியே வருவதற்காகத் திரை முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டை போட்டிருப்பார்கள். ஸ்பீக்கர் கரகரத்தால் அப்பாதான் பின்னால் போய்ப் பார்ப்பார். அப்படியென்றால் இந்த மேடைமேல் ஏறி நின்றுதான் பார்த்திருப்பார். ஒரு நாளும் வீட்டில் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவர் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

நாடகம், சினிமா, கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா என்று ஊருக்கே பொதுவாக இருந்த ஒரு கொட்டகையின் கதையைத் தேடப் போய் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு என் தப்புகளாவது உதவட்டும்.

முதல் தப்பு, அவசரம். ஓய்வு பெற்ற சமூக அறிவியல் டீச்சர் என்பதால் தெருப் பொங்கல் விழா மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அப்பாவின் ஆபரேட்டர் லைசென்ஸ், வீட்டில் இருந்த இரண்டு போட்டோ, என் ஞாபகம். இவ்வளவையும் வைத்து ஒரே ராத்திரியில் எழுதி முடித்தேன். 'ஐம்பதுகளில் தொடங்கிய நம் சினிமா கொட்டகை' என்று ஆரம்பம். மலர் வந்த மறுநாள், கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். தொண்ணூறை நெருங்கிய வயசு. பேரன் படித்துக் காட்டியிருக்கிறான்.

"இன்னா டீச்சரம்மா, சினிமா கொட்டாய்னு எழுதிட்ட? அது நாடகக் கொட்டாய். நான் பாவாட கட்டின வயசுல அங்க வள்ளி திருமணம் பாத்திருக்கேன். விடிய விடிய நடக்கும்."

"அது வேற எங்கயாச்சும் கீத்துக் கொட்டாயா இருக்கும் ஆயா."

"கீத்துதான். ஆனா அதே எடம். உங்கப்பன் படம் ஓட்டினான் பாரு, அதே எடம்."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வயசானவர்கள் இரண்டு இடத்தை ஒன்றாகக் குழப்பிக்கொள்வது சகஜம்தானே என்று நினைத்தேன். இரண்டு மாசம் கழித்துதான் உறைத்தது. அப்பா வேலைக்குச் சேர்ந்த நாளையே அந்த இடத்தின் பிறந்த நாளாக ஆக்கி வைத்திருந்தவள் நான். குழப்பம் ஆயாவுக்கு இல்லை.

அதன் பிறகு முறையாகத் தேட ஆரம்பித்தேன். முதலில் கற்றுக்கொண்டது, யாரிடமும் "எந்த வருஷம்?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் மனுஷர் பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி மிரண்டு, வாயில் வந்த ஒரு வருஷத்தைச் சொல்லிவிடுவார். நாமும் குறித்துக்கொள்வோம். அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுவார். அப்புறம் அதுதான் சரித்திரம்.

நான் வேறு மாதிரி கேட்டேன். எங்கே உட்கார்ந்தீர்கள், தரையா, பெஞ்சா, சேரா? யார் கூட்டிக்கொண்டு போனார்கள்? கையில் குழந்தை இருந்ததா? "பெரியவன் வயித்துல ஏழு மாசம், பெஞ்சுல உக்கார முடியாம எழுந்து நின்னு பாத்தேன்" என்று ஒரு அக்கா சொன்னார். பெரியவனின் பிறந்த தேதி ரேஷன் கார்டில் இருக்கிறது. இன்னொருவர், "எம்.ஜி.ஆர். சுடப்பட்டார்னு சேதி வந்த அன்னிக்கு ரெண்டாவது ஆட்டம் நிறுத்திட்டாங்க, நான் அப்ப முறுக்குத் தட்டு தூக்கிட்டு இருந்தேன்" என்றார். அது 1967 ஜனவரி 12. முறுக்குப் பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயசு என்பதும் சேர்ந்தே கிடைத்துவிட்டது.

டிக்கெட் விலையைக் கேட்டால் காலம் தெரிந்துவிடும் என்று முதலில் நினைத்தேன். பாதிதான் உண்மை. "தரை நாலணா" என்று எழுபதுகளில் படம் பார்த்தவர்களும் சொல்கிறார்கள், ஏனென்றால் இருபத்தைந்து பைசாவுக்கு நம் வாயில் நாலணா என்றுதான் பெயர். வாய்ச் சொல்லை நம்பாமல் அச்சடித்த காகிதத்தைப் பாருங்கள். நோட்டீஸில் 'அணா' என்று இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்தியது என்று பெரும்பாலும் சொல்லலாம். 'ந.பை.' என்று, அதாவது நயா பைசா என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவில். 1964 ஜூனில் 'நயா' போய் வெறும் பைசா ஆகிவிட்டது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது.

இன்னொரு சாவி எழுத்திலேயே இருக்கிறது. ணை, லை, னை இதற்கெல்லாம் முன்பு யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய உருவம் இருந்தது, வயசானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1978ல் வந்த அரசாணைக்குப் பிறகுதான் இன்றைய உருவம் பள்ளிக்கூடத்துக்கும் அரசாங்கக் காகிதத்துக்கும் வந்தது. நோட்டீஸில் புது உருவம் இருந்தால் அது அநேகமாக 1978க்குப் பிந்தியது. பழைய உருவம் இருந்தால்? ஒன்றும் சொல்ல முடியாது. சின்ன அச்சகக்காரர் யாரும் அரசாணை வந்த மறுநாள் ஈய எழுத்தை உருக்கிவிடவில்லை. எண்பதுகளின் நடுவில் அச்சான எங்கள் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையிலேயே துதிக்கை இருக்கிறது.

சரி, நோட்டீஸுக்கு எங்கே போவது? நான் தேடின இடத்தில் எல்லாம் இல்லை. தேடாத இடத்தில் கிடைத்தது. கோயில் வரவு செலவு நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டின் அட்டை உப்பலாக இருந்தது. அந்தக் காலத்தில் பைண்டிங் செய்கிறவர்கள் அட்டைக்குக் கனம் வர உள்ளே பழைய காகிதத்தைப் பசை போட்டு ஒட்டுவார்கள். ஓரம் பிரிந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு காகிதம் எட்டிப் பார்த்தது. ஈரத் துணியை அரை மணி நேரம் போட்டு வைத்து, வெண்ணெய் தடவும் கத்தியால் மெதுவாக எடுத்தேன். நாலு நோட்டீஸ். மூன்று சினிமா. நாலாவதில் பாதி கிழிந்து போயிருந்தது. மிச்சத்தில் 'ஸ்பெஷல் நாடகம்', 'ராஜபார்ட்', 'ஹார்மோனியம்', 'பெண்களுக்குத் தனி இடம் உண்டு', 'தரை 2 அணா'. கீழ்க்கோடியில் அச்சகத்தின் பெயர் திருப்பாதிரிப்புலியூர் என்ற ஊரோடு. அச்சகப் பெயரை எப்போதும் குறித்துக்கொள்ளுங்கள். அச்சிட்டவர் பெயரும் இடமும் போட வேண்டும் என்று 1867லேயே சட்டம் இருந்ததால் நோட்டீஸ் அடித்தவர்கள் அதை விட மாட்டார்கள். தேதி கிழிந்து போனாலும் அச்சகம் இருந்த காலத்தை வைத்து நெருங்கலாம்.

ஆயா முன்னால் போய் நின்றேன். காகிதத்தைக் காட்டினேன். "நான் சொன்னா நம்பல. காயிதம் சொன்னா நம்புற" என்றார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வள்ளி திருமணம் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், 1918ல் மதுரையில் சிறுவர்களை வைத்து நாடகக் குழு நடத்தியவர். ஆனால் அவர் இறந்தது நமக்கு அடுத்த வீடான புதுச்சேரியில், 1922 நவம்பர் 13ல். கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் பாண்டிக்குத் துணி எடுக்கப் போய் வந்திருக்கிறேன், இது தெரியாது. தம்பியின் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் பாட்டுகளைப் பாடித்தான் எங்கள் கீற்றுக் கொட்டகையில் விடிய விடிய நாடகம் நடந்திருக்கிறது என்று நினைத்தபோது ஒரு மாதிரி இருந்தது.

1931 அக்டோபர் 31ல் தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் வெளியானது. அதற்குப் பிறகு சில வருஷங்களுக்குத் தமிழ்ப் படம் என்றாலே பெரும்பாலும் நாடகத்தைத் தூக்கிப் பிலிமில் போட்டதுதான். அதே பவளக்கொடி, அதே கோவலன், மேடையில் பாடியவர்களே படத்திலும் பாடினார்கள். கொட்டகையும் அப்படியே மாறியது. மேடைக்கு முன்னால் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினால் சினிமா, சுருட்டி ஏற்றினால் நாடகம். எங்கள் கொட்டகை எழுபதுகளின் தொடக்கம் வரைக்கும் இப்படி இரண்டு வேலையும் பார்த்திருக்கிறது. படப்பெட்டி வராத நாளில் நாடகம். நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஹார்மோனியக்காரரின் மகன் எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் காட்டினார். கையெழுத்தில் முழு நாடகம். முதல் பக்கத்தில் போலீஸ் ஸ்டேஷன் முத்திரை. 1954ல் வந்த நாடகச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் நாடகப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், ஆட்சேபம் இருந்தால் தடுக்கலாம். எம்.ஆர். ராதாவின் நாடகங்கள்தான் அந்தச் சட்டம் வரக் காரணம் என்று பேச்சு. சென்னை உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொன்னது 2013ல். அந்த முத்திரையில் தேதி இருந்தது. போலீஸ்காரர் ஒருவர் சந்தேகப்பட்டுக் குத்திய முத்திரை, அறுபது வருஷம் கழித்து எனக்குப் பிறந்த நாள் சர்டிபிகேட் மாதிரி உதவியது.

இனி அப்பாவின் அறை. இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

கேபின் என்றுதான் சொல்வோம். குறுகின மாடிப்படி, இரும்புக் கதவு, உள்ளே இரண்டு புரொஜெக்டர். சுவரில் படம் போகும் ஓட்டைகளுக்கு மேலே இரும்பு மூடி, சங்கிலியில் தொங்கும். மூலையில் மணல் வாளி. சின்ன வயசில் அது எதற்கு என்று தெரியாது, அதன் மேல்தான் உட்காருவேன். ஐம்பதுகளின் தொடக்கம் வரைக்கும் பிலிம் என்பது நைட்ரேட். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. அதனால்தான் இரும்புக் கதவும், தீ வந்தால் பொத்தென்று விழுகிற மூடியும். பிறகு வந்த பிலிம் அவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் மணல் வாளி அப்படியே இருந்தது. பழைய கட்டடத்தைப் பார்க்கும்போது இந்த மாதிரி உபயோகம் போன சாமான்களைத்தான் முதலில் பாருங்கள்.

வெளிச்சத்துக்குக் கார்பன். செம்பு முலாம் பூசிய இரண்டு கரிக்குச்சிகளை நேருக்கு நேர் வைத்து, தொட்டு விலக்கினால் நடுவில் வெள்ளை நெருப்பு. குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கவனம் பிசகினால் திரையில் படம் மஞ்சளடிக்கும், கீழே தரை டிக்கெட்டில் விசில் பறக்கும். அப்பாவின் வலது முன்கையில் புள்ளி புள்ளியாகத் தழும்பு இருந்தது. தெறித்த கரி. மிச்சமாகும் துண்டுகளை எங்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பார், தெருவில் பாண்டி ஆடக் கட்டம் போடுவோம்.

ஆயிரம் அடி சுருள் பதினொரு நிமிஷம் ஓடும். இரண்டைச் சேர்த்து ஒட்டி ஒரு ஸ்பூலாக ஏற்றினால் இருபத்திரண்டு நிமிஷம். அது முடிவதற்குள் அடுத்த மெஷின் தயாராக இருக்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். ஏழெட்டு விநாடி கழித்து இன்னொரு புள்ளி. "மொதப் புள்ளிக்கு மோட்டார், ரெண்டாம் புள்ளிக்கு லைட்டு" என்பார் அப்பா. லீவு நாளில் எங்களை வேறு தியேட்டருக்குக் கூட்டிப்போனாலும் அவர் கண் அந்த மூலையிலேயே இருக்கும். கதாநாயகி செத்துக்கொண்டிருப்பாள், அம்மா மூக்கைச் சிந்துவாள், அப்பா "லேட்டா மாத்துறான்" என்பார்.

ஒரே பிரிண்டை இரண்டு கொட்டகைக்கு ஓட்டுவதும் உண்டு. ஷிஃப்டிங் என்று பெயர். மஞ்சக்குப்பம் பக்கத்தில் முதல் சுருள் முடிந்ததும் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒரு பையன் கெடிலம் பாலம் தாண்டி முதுநகருக்கு மிதிப்பான். ஒரு மழை நாளில் பையன் வரவில்லை. நாற்பது நிமிஷம் திரையில் ஸ்லைடு மட்டும் ஓடியது. பல்பொடி, ஜவுளிக்கடை, மறுபடியும் பல்பொடி. அன்றைக்கு அப்பா கேபின் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

இந்தக் கதை எனக்கு மூன்று பேரிடமிருந்து வந்தது. மூவர் சொன்ன படமும் வேறு வேறு. ஒருவேளை மூன்று தரம் நடந்திருக்கலாம். மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன்.

நாடகம் செத்தது சினிமாவால்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் கொட்டகையைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருபது வருஷத்துக்கு மேல் சண்டையில்லாமல் இருந்தன. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973ல் வந்தது. அது வந்த பிறகு அகலத் திரை இல்லாத கொட்டகைக்குப் பெரிய படம் கிடைப்பது கஷ்டமானது. பழைய திரையைவிடக் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு அகலம். எங்கள் முதலாளி மேடையின் இரண்டு பக்கத் தூணையும் எடுத்துவிட்டு, சுருட்டி ஏற்ற முடியாதபடி இரும்புச் சட்டத்தில் திரையைப் பூட்டினார். மேடை பின்னால் போய்விட்டது, ஸ்பீக்கர் வைக்கிற பரண் ஆகிவிட்டது. ஊரில் அடுத்த பொங்கலுக்கு நாடகம் போடக் கேட்டவர்களிடம் "எடம் எங்க இருக்கு?" என்றாராம். பத்தடி அகலத்துக்காகப் போன நாடகம் அது. இதை எந்த ரிஜிஸ்தரும் சொல்லாது. திரைச் சட்டத்துக்கு வெல்டிங் அடித்தவர் சொன்னார்.

ரிஜிஸ்தர் சமாச்சாரத்துக்கு வருகிறேன். சினிமா கொட்டகைக்குக் கலெக்டர்தான் லைசென்ஸ் கொடுப்பவர், 1955ம் வருஷச் சட்டப்படி. அதனால் கலெக்டர் அலுவலகத்தில் கோப்பு இருக்கும். கடலூர் மாவட்டம் என்று தேடாதீர்கள். 1993 வரைக்கும் நாம் தென்னாற்காடு. நான் இதில் மூன்று மாசம் வீணடித்தேன், சமூக அறிவியல் டீச்சராக இருந்துகொண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால் முப்பது நாளில் பதில் வர வேண்டும். ஒரு அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த பதில், 'கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது.' சரி, அழித்த கோப்புகளின் பட்டியலைக் கொடுங்கள் என்று மறுபடியும் கேட்டேன். அந்தப் பட்டியலில் லைசென்ஸ் எண்ணும் கட்டடம் நின்ற சர்வே எண்ணும் இருந்தன. எனக்கு அதுவே போதும். சர்வே எண் கையில் வந்தால் பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போடலாம். நான் போனபோது 1975க்குப் பிந்தியது கம்ப்யூட்டரில் வந்துவிட்டது, முந்தியதைக் கையால்தான் தேட வேண்டியிருந்தது, பொறுமை வேண்டும். எனக்குக் கிடைத்த பழைய பத்திரத்தில் 'நாடகக் கொட்டகை அடங்கிய மனை' என்றே எழுதியிருந்தது. ஆயாவிடம் அதையும் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை சிரித்தார்.

கேளிக்கை வரிக்காகத் தினமும் வகுப்பு வாரியாக எழுதிய வசூல் கணக்கு, டி.சி.ஆர். என்பார்கள், தியேட்டர்காரர்கள் வீட்டுப் பரணில் கிடக்கலாம். விநியோகஸ்தர் அனுப்பும் பிரதிநிதி, ரெப் என்பார்கள், அதில் கையெழுத்துப் போட்டிருப்பார். சினிமா வியாபாரத்தில் நம் பக்கத்துக்கு என்.எஸ்.சி. ஏரியா என்று பெயர். வட ஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு. மாவட்டத்தின் பெயர் மாறி முப்பது வருஷம் ஆகியும் அவர்கள் வாயில் பழைய ஆற்காடு போகவில்லை. பாட்டுப் புத்தகம், நாடகப் பிரதி, நோட்டீஸ் இதெல்லாம் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பார்க்கலாம். புதுச்சேரி வட்டாரக் கொட்டகை என்றால் இலாசுப்பேட்டை ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. பழைய கிரயப் பத்திரங்கள் பிரெஞ்சில் இருக்கும், வாசிக்கத் தெரிந்தவரைக் கூடவே கூட்டிப் போங்கள்.

ஆட்களிடம் பேசுவதில் இரண்டு மூன்று விஷயம். தனியாக ஒருவரை உட்கார வைத்துப் பேட்டி எடுப்பதைவிடச் சேர்ந்து படம் பார்த்த இருவரை உட்கார வைத்துவிட்டு நாம் சும்மா இருப்பது நல்லது. "பொம்பளைங்க பக்கம் குட்டிச் சுவரு இருந்துச்சு." "குட்டிச் சுவரு இல்லடி, தட்டி." "தட்டி அப்புறம் வந்துச்சு." கால் மணி நேரத்தில் எனக்குப் பெண்கள் பகுதியின் முழு வரைபடமும் கிடைத்துவிட்டது. போனை ரெக்கார்டிங்கில் போட்டுவிட்டு மிக்ஸி, மோட்டார், டிவி மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். முதல் பத்து பதிவுகளில் பாதி எனக்கு மோட்டார் சத்தம்தான். அன்றைக்கே தேதி போட்டுப் பெயர் மாற்றிச் சேமித்துவிடுங்கள்.

அப்புறம், ஒரே தெருவில் கேட்டுவிட்டு ஊர்க் கதை என்று எழுதாதீர்கள். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் நான் கடைசியில்தான் போனேன், அது என் தப்பு. அங்கே ஒரு பெரியவர் சொன்னார்: "உள்ள இருட்டுல தரையில யாரு பக்கத்துல யாருனு கேக்கல டீச்சர். இடைவேளைக்கு வெளிய வந்தா டீக்கடையில எங்களுக்குத் தனி டம்ளர். உள்ள போனா மறுபடி ஒண்ணு." எங்கள் தெருவில் பேசிய இருபத்து மூன்று பேரில் ஒருவரும் அந்த டம்ளரைச் சொல்லவில்லை. பொங்கல் மலரில் நான் 'ஊரே ஒன்றாகக் கூடிய இடம்' என்று எழுதியிருந்தேன்.

வீடியோ, கேபிள் என்று வந்து எண்பதுகளின் கடைசியில் கொட்டகை மூடியது. கிடங்கானது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணத் துணி மூட்டைகள் மாசக்கணக்கில் அங்கேதான் கிடந்தன, யாரும் கட்டாத கோட்டும் கம்பளியும். 2011 டிசம்பர் 30 தானே புயலில் கூரைத் தகடு பறந்து இரண்டு தெரு தள்ளி விழுந்தது. அதோடு யாரும் உள்ளே போகவில்லை.

இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததுமே நான் அளந்திருக்க வேண்டும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் விழுந்ததே, அதைப் பழைய தோற்றத்திலேயே மறுபடியும் கட்டி 2021ல் திறந்தார்கள். போட்டோவும் அளவும் கையில் இல்லாமல் அப்படிக் கட்டியிருக்க முடியாது. எங்கள் கொட்டகையை யாரும் திரும்பக் கட்டப் போவதில்லைதான். இருந்தாலும் மேடை அகலம் எவ்வளவு என்று கேட்டால் சொல்ல வேண்டாமா? அன்றைக்கு டேப் இல்லாமல் என் புடவைத் தலைப்பால் முழம் போட்டேன். ஜேசிபி உதவியாள் பையன் ஒருவன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். ஒரு போட்டோ எடுத்தால் அதில் ஒரு ஆளோ குடமோ நிற்கட்டும், பிறகு பார்ப்பவர்களுக்கு அளவு தெரியும்.

மேரியைப் பார்க்கப் போன அன்றே ரொமேன் ரோலண்ட் தெருவுக்கும் போனேன். இண்டியனோஸ்ட்ரம் என்ற நாடகக் குழு இருக்கும் அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் 'பாத்தே சினே ஃபமிலியால்' என்ற சினிமா கொட்டகை. எங்கள் ஊரில் மேடை சினிமாவானது. அங்கே சினிமா மேடையாகியிருக்கிறது. வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

இடிக்க ஆரம்பித்த இரண்டாம் நாள், காண்ட்ராக்டரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஆயாவை ஆட்டோவில் கூட்டிவந்தேன். பிளாஸ்டிக் சேர் போட்டு மேடைக்கு நேராக உட்கார வைத்தோம். வெகுநேரம் பேசவில்லை. நான் போட்டோ எடுக்க வசதியாக மேடையின் இடது ஓரத்தில் போய் நின்றேன்.

"அங்க நிக்காத. அது ஸ்திரீபார்ட் வர்ற பக்கம்."

நகர்ந்தேன். எழுந்து, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்தார். கரி படிந்த குழிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். ஏழாவது குழியில் நிறுத்தினார்.

"இது எப்பவும் அணையும். காத்து இந்தப் பக்கம்தான் வரும். எங்கப்பாரு சீமெண்ணெ டின்ன தூக்கிகினு முன்னால போவாரு, நான் பின்னாலயே திரிய தூண்டிக்கிட்டே போவேன். ஒரு ராத்திரிக்கு மூணு தரம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆயா, ரெண்டு வருஷமா பேசிட்டிருக்கோம். நீங்க இங்க வேல செஞ்சீங்கன்னு சொல்லவே இல்லையே."

"நீ பாத்தியான்னுதான கேட்ட? இன்னா செஞ்சன்னு கேக்கலையே."

போனை எடுத்து ரெக்கார்டிங்கை அழுத்தினேன். ஜேசிபியை மறுபடியும் ஸ்டார்ட் செய்யும் வரைக்கும் பதினேழு நிமிஷம் இருக்கிறது.